மோவாப் செம்பாறை நாட்குறிப்பு

அக்டோபர் 3

யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊர் கொலராடோ ஆற்றங்கரையில், சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இப்போது பகலில் 25 டிகிரி. விடியற்காலையில் ஸ்வெட்டர் வேண்டும். ஜூலையில் இதே இடம் 38-ஐத் தாண்டிக் கொதிக்கும்.

எங்கே போவது என்பதை இடத்தின் பேரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மணி என்ன, கடைசியாக மழை எப்போது பெய்தது, பையில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்தப் பாறை நாட்டில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் வாசலில் உள்ள பார்வையாளர் மையத்தில் குழாய் உண்டு. அதை விட்டால் சாலை முடியும் டெவில்ஸ் கார்டனில்தான், 29 கி.மீ. உள்ளே. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு இறங்கித் தலை சுற்றும். உப்புக்கடலையோ புளியோதரையோ கூடவே இருக்கட்டும்.

அக்டோபர் 4

ஆர்ச்சஸ் பூங்காவின் டெலிகேட் ஆர்ச், இயற்கையான பாறை வளைவு. போய்வர 4.8 கி.மீ., ஏற்றம் 146 மீட்டர். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வழியில் நிழலே கிடையாது. நடுப்பகுதி முழுக்க மொட்டைப் பாறைச் சரிவு. கோடையில் காலை 11 மணிக்கு மேல் கிளம்பியவர்கள் சுருண்டு விழுவது இந்தச் சரிவில்தான். அங்கே பாதை என்று ஒன்று தெரியாது. சின்னச் சின்னக் கல்லடுக்குகள்தான் அடையாளம். ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணில் பட்ட பிறகே காலை எடுத்து வையுங்கள். விளையாட்டுக்குப் புது அடுக்கு கட்டாதீர்கள், பின்னால் வருகிறவர் வழி தவறுவார்.

கடைசி 200 மீட்டர் பாறை விளிம்பை ஒட்டிய திட்டு. அது முடிந்து திரும்பும் வரை வளைவு கண்ணில் படாது. திரும்பியதும் மொத்தமாக எதிரில் நிற்கும். அந்தி வெயிலில் அதன் நிறத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. அந்தியில் ஏறினால் இருட்டில் இறங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போன் வெளிச்சத்தில் கல்லடுக்கு தெரியாது. தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று. டிசம்பர், ஜனவரியில் அந்தத் திட்டில் பனி உறையும். செருப்பில் மாட்டும் முள்பட்டை இல்லாமல் ஏறக் கூடாது.

பூங்காவில் 2022-இல் நேர முன்பதிவு தொடங்கினார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் பூங்காவின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

அக்டோபர் 5

ராத்திரி மழை. இன்றைக்கு எதைச் செய்யக் கூடாது என்பதுதான் முக்கியம்.

ஆற்றை ஒட்டிப் போகும் பொட்டாஷ் சாலையோரப் பாறைச் சுவர்களில் பாறை ஏறக் கூடாது. மணற்கல் என்பது மணலைச் சன்னமாக ஒட்டவைத்த கல். ஈரம் உள்ளே இறங்கினால் அந்த ஒட்டு தளர்ந்துவிடும்; பிடித்த விளிம்பு கையோடு வரும், அடித்த ஆணியும் பெயரும். மேற்பரப்பு காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுவரடி மண்ணை விரலால் தோண்டிப் பாருங்கள். மேலே பொடியாக இருந்து, உள்ளே குளிர்ந்து விரலில் ஒட்டினால் பாறைக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளாவது, பலத்த மழை என்றால் மூன்று நாளாவது பொறுக்க வேண்டும்.

களிமண் சாலைகளிலும் இறங்க வேண்டாம். இங்குள்ள பாறையடுக்குகளில் ஒன்றான சின்லே அடுக்கின் மண்ணில் பென்டோனைட் களிமண் இருக்கிறது. நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், நாலு சக்கர இழுவையும் உதவாது. ஒடுங்கிய ஓடைகளுக்குள்ளும் போகாதீர்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கலாம், 15 கி.மீ. தள்ளிப் பெய்த மழை வந்து சேரும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளி மிதந்து வந்தாலோ, ரயில் வருவது போல இரைச்சல் கேட்டாலோ உடனே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடைவழியே ஓடித் தப்பிக்க முடியாது.

பாறைக்குழிகளில் தேங்கும் நீரில் கால் வைக்காதீர்கள். காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த முட்டைகளிலிருந்து சின்னஞ்சிறு இறால் வகைகள் பொரிந்து, நீர் வற்றுவதற்குள் வாழ்ந்து முட்டையிட்டு முடித்துவிடும். தோலில் பூசிய சன்ஸ்கிரீன் எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே அந்தக் குழி கெட்டது.

அக்டோபர் 7

காய்ந்துவிட்டது. ஊருக்குக் கிழக்கே சாண்ட் ஃபிளாட்ஸில் ஸ்லிக்ராக் சைக்கிள் தடம். 1969-இல் மோட்டார் சைக்கிளுக்காகக் குறித்த வழி இது. ஸ்லிக்ராக், அதாவது வழுக்குப் பாறை, என்று பேர் வைத்தது லாடம் அடித்த குதிரைகள் வழுக்கியதை வைத்து. ரப்பர் டயர் காய்ந்த பாறையை உப்புத்தாள் போலப் பிடிக்கும். அந்தப் பிடியை நம்பித்தான் ஆட்கள் அளவுக்கு மீறிய செங்குத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

முழுச்சுற்று சுமார் 16 கி.மீ., மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். முதலில் பயிற்சிச் சுற்றை ஓட்டுங்கள். அதில் மூச்சு வாங்கினால் பெரிய சுற்று வேண்டாம். பாறையில் போட்ட வெள்ளைக் கோடுகளே வழி. ட்யூப் இல்லாத டயர் என்றால் காற்றை 20–25 பிஎஸ்ஐ-க்கு இறக்குங்கள். ட்யூப் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், இல்லாவிட்டால் பாறை விளிம்பில் நசுங்கிப் பஞ்சராகும். ஏற்றத்துக்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள், நடு ஏற்றத்தில் மாற்றினால் சங்கிலி நழுவும். அதிகம் விழுவது பள்ளத்தின் அடியில். பாறை முடிந்து திடீரென மணல் வரும், முன்சக்கரம் புதையும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, மிதிப்பதை நிறுத்தாமல் கடந்துவிடுங்கள்.

தடத்தை விட்டு இறங்கினால் கறுத்துப் பொருக்குப் பொருக்காக ஒரு மண் தெரியும். நீலப்பச்சைப் பாசி மணலைக் கட்டி வைத்திருக்கும் உயிர்ப்பொருக்கு அது. ஒரு மிதி போதும் நொறுங்க. மீள்வதற்குப் பல பத்தாண்டுகள். ஒதுங்க வேண்டியிருந்தால் பாறையிலோ ஓடை மணலிலோ நில்லுங்கள்.

அக்டோபர் 8

கொரோனா ஆர்ச். ஒரு வழி 2.4 கி.மீ., பொட்டாஷ் சாலையிலிருந்து. தண்டவாளம் தாண்டி, கம்பி பிடித்து, ஒரு சின்ன ஏணி ஏற வேண்டும். கையுறை இருந்தால் நல்லது.

அக்டோபர் 9

கிராண்ட்ஸ்டாஃப் பள்ளத்தாக்கு. ஓடையைப் பலமுறை கடக்க வேண்டும், நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பாகப் போடுங்கள். முடிவில் மார்னிங் குளோரி இயற்கைப் பாலம், 74 மீட்டர் அகலம். அதன் அடியிலும் ஓடைக்கரையிலும் பாய்சன் ஐவி என்ற நச்சுச்செடி அடர்ந்திருக்கிறது. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். சேராங்கொட்டைப் பால் பட்டுத் தோல் வெந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இரண்டும் ஒரே மாங்குடும்பம், எண்ணெயும் அதே வகை. அரைக்கால் சட்டை வேண்டாம். பட்டுவிட்டால் உடனே சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கழுவுங்கள். சட்டையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிய எண்ணெய் மறுநாளும் வேலை காட்டும்.

அக்டோபர் 11

கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஐலண்ட் இன் த ஸ்கை மேட்டுக்கு ஊரிலிருந்து 50 கி.மீ.; அங்கே பெட்ரோலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. மேசா ஆர்ச் போய்வர ஒரு கிலோமீட்டர்தான். சூரியோதயத்தில் கீழ்ப்பாறையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் வளைவின் அடிப்பக்கம் தணலாகச் சிவக்கும், ஆனால் ஒரு மணி நேரம் முன்பே கேமரா முக்காலிகள் இடம் பிடித்திருக்கும். நிம்மதியாகப் பார்க்க மதியம் போங்கள். வளைவுக்கு அப்பால் கைப்பிடி இல்லாத பாதாளம், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

திரும்பும் வழியில் டெட் ஹார்ஸ் பாயின்ட் என்ற காட்சிமுனை. ஆறு 600 மீட்டர் கீழே. கிழக்கே சிவப்புக்கு நடுவில் பளீரென நீலக் குளங்கள் தெரிகின்றன. ஆற்றுநீரைச் சுரங்கத்துக்குள் செலுத்தி, உப்பைக் கரைத்து மேலே எடுத்து, சீக்கிரம் ஆவியாக நீலச் சாயம் கலந்து காயவைக்கும் பொட்டாஷ் பாத்திகள் அவை. நம் வயல்களுக்குப் போடும் அதே உரவகை. அந்த உப்பு, பாரடாக்ஸ் எனப்படும் பழைய அடுக்கு. ஆர்ச்சஸ் பக்கம் அதே அடுக்குதான் அடியில் பிதுங்கியும் கரைந்தும் மேலிருந்த மணற்கல்லை வரிவரியாகப் பிளந்தது. அந்தப் பிளவுகள் அரித்து மெலிந்து வளைவுகளாயின.