பூட்டிய கைப்பேசிக்குள் கிடந்த அவசர எண்

போன மாதம் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் அப்பா சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்தபோது, அவரைத் தாங்கிப் பிடித்த தேநீர்க் கடைக்காரரின் கையில் அப்பாவின் கைப்பேசி இருந்தும், எங்களில் ஒருவரையும் அவரால் அழைக்க முடியவில்லை. அதில் 'அவசரம்' என்ற பெயரில் என் எண்ணைப் பதிந்து வைத்திருந்தவன் நான்தான். தொடர்புப் பட்டியலுக்குள் இருக்கும் எண் திரைப்பூட்டைத் திறக்கத் தெரிந்தவருக்குத்தான் உதவும் என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, சாப்பிட வரவில்லையே என்று அம்மாவாக அழைத்தபோதுதான் செய்தி எங்களுக்கு எட்டியது. வரும் அழைப்பை எடுப்பதற்குப் பூட்டு தடையில்லை.

2005-இல் இங்கிலாந்தின் ஆம்புலன்ஸ் பணியாளர் பாப் பிராச்சி பரப்பிய 'ஐ.சி.இ.' ('இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி', அதாவது அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் எண்ணை அந்தப் பெயரில் பதிந்து வைப்பது) வழக்கத்தைத்தான் நான் பின்பற்றியிருந்தேன். பலர் கைப்பேசிக்குப் பூட்டே போடாத காலத்து யோசனை அது. இப்போது அதற்கென்றே, பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய தனியிடம் இருக்கிறது: ஐபோனில் 2014 முதல் 'மெடிக்கல் ஐடி', ஆண்ட்ராய்டில் 2016-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் அவசரத் தகவல் பக்கம். அமைப்புகளில் 'எமர்ஜென்சி' என்று தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

நிரப்புவது எளிது என்று நினைத்தேன். ரத்த வகை 'ஓ பாசிட்டிவ்' என்று அப்பா அடித்துச் சொன்னார். பழைய பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்தால் 'பி பாசிட்டிவ்' என்றிருந்தது. மருத்துவமனையில் மறுபடி சோதித்துத்தான் ரத்தம் ஏற்றுவார்கள் என்றாலும், சீட்டைப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். ஒருவழியாக எல்லாவற்றையும் நிரப்பி முடித்த மறுவாரமே, திரை மாற்றக் கொடுத்த கடைக்காரப் பையன், கேட்காமலேயே கைப்பேசியில் இருந்த எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்துவிட்டான். கூகுள் கணக்கிலிருந்து தொடர்பு எண்கள் திரும்பி வந்தன. அவசரத் தகவல் வரவில்லை. அதைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால், இரண்டாம் முறையும் வெற்றுப் பக்கத்தை நம்பிக்கொண்டிருந்திருப்போம். அக்காவின் ஐபோனில் வேறு கோளாறு: விவரம் முழுவதும் இருந்தது, பூட்டிய நிலையில் காட்டுவதற்கான விசை மட்டும் அணைந்திருந்தது.

எனவே இம்முறை நானே சோதிக்காமல், பூட்டிய கைப்பேசியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்து, எங்களில் யாரையாவது அழைக்கச் சொன்னேன். அவசர அழைப்புத் திரை வரைக்கும் போனவர், அவசரத் தகவல் என்ற எழுத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் காத்திருந்தார். தெரியாமல் கை பட்டுத் திறந்துவிடக் கூடாது என்று அதை இரண்டாம் முறையும் தொடும்படி அமைத்திருக்கிறார்கள். பக்கம் திறந்ததும் அவர் கேட்டது: "இதுல பாப்பான்னு இருக்கே, குழந்தைக்கா போன் பண்றது?" பாப்பா என்பது நாற்பத்திரண்டு வயதான என் அக்கா. அந்தப் பக்கத்தில் வருவது தொடர்புப் பட்டியலில் இருக்கும் அதே பெயர்தான் என்பதால், பாப்பாவை 'மூத்த மகள்' என்றும், 'வீடு' என்றிருந்த அம்மாவை 'மனைவி' என்றும் மாற்றினோம்.

மின்கலம் தீர்ந்துவிட்டால் இவ்வளவும் வீண் என்பதால், இரண்டு எண்களையும் மாத்திரைப் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறோம்.