லயத்துச் சுவரில் பூஞ்சணம்: மனு கொடுத்துச் சரிசெய்த கதை

கேரளத்துப் பீர்மேடு பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் மகளின் யூனிபார்மைக் காயவைப்போம். அந்த ஈரமும் சுவருக்குத்தான் போகிறது, ஆனால் வேறு வழி? எங்களுடையது எஸ்டேட் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்குத் தோட்டம் கொடுக்கும் வரிசை வீடு. அத்தை கொழுந்து எடுக்கிறார், வீடு அவர் பெயரில். 2025 மழையில் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்பு, தொட்ட விரலில் அப்படியே ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரரின் தோல் பெல்ட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மகளுக்கு ராத்திரியானால் இளைப்பு.

“சுண்ணாம்பு அடிச்சாப் போயிடும்” என்றார் எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர். வருஷா வருஷம் அடிக்கிறார்கள். சுரண்டிப் பார்த்தால் சுண்ணாம்பு, கறுப்பு, மறுபடி சுண்ணாம்பு என்று அடுக்கடுக்காக வருகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்த டாக்டரம்மா, வீடு எப்படி என்று கேட்டார். சொன்னேன். “அதை ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கொடுங்க மேடம்” என்று கேட்டதும், வீட்டில் ஓதம், சுவரில் பூஞ்சை, குழந்தைக்கு இளைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்புறம் போன எல்லா இடத்திலும் பேசியது அந்தச் சீட்டுதான்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். கொசு, குப்பை, கிணறு என்றால் நோட்டீஸ் கொடுக்கலாம், சுவர்ப் பூஞ்சணத்துக்கு எந்த விதியைக் காட்டி எழுதுவது என்று அவரே கேட்டார். லேபில் கொடுத்து என்ன பூஞ்சை என்று பார்க்கலாமா என்றதற்கு, காசை மிச்சம் பண்ணுங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். அமெரிக்காவிலேயே வீட்டுக்குள் இவ்வளவு பூஞ்சைதான் இருக்கலாம் என்று மத்திய அரசின் அளவு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் போட்ட வழிகாட்டியும் அளவு எதையும் சொல்லாமல், ஈரத்தைப் போக்கு என்றுதான் சொல்கிறது. எந்த வகையாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

ஆகவே பூஞ்சணத்தைப் பற்றி எழுத நினைத்திருந்த மனுவை மாற்றி எழுதினேன். முதல் பத்தியில் கூரை ஒழுகல், சுவர் ஊறல். இரண்டாவது பத்தியில்தான் பூஞ்சணமும் மகளின் சீட்டும். தொழிலாளிக்கு வீடு கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்போது சொன்னது. அதைக் காட்டி, அத்தை பெயரில், அரசின் தொழிலாளர் துறையில் இருக்கும் தோட்ட ஆய்வாளருக்கு எழுதினேன். பூஞ்சணம் என்று மட்டும் எழுதினால் சுண்ணாம்பு வாளிதான் வரும்.

கவுண்டரில் இருந்தவர் மலையாளத்தில் எழுதி வரச் சொன்னார். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். அதைச் சொன்னேன், வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டபோது முகம் கொஞ்சம் மாறியது.

அதன் பிறகு சத்தமே இல்லை. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, என் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். அதற்கு 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பதிலுக்கு முன்னாலேயே ஆய்வாளர் வந்துவிட்டார்.

வந்தவர் வீட்டுக்குள் அதிக நேரம் நிற்கவில்லை, நேரே பின்பக்கம் போனார். மேட்டு மண் சரிந்து சரிந்து ஜன்னல் அடிவரை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பழைய கல் ஓடை அதற்குள் புதைந்திருந்தது. குடைக்கம்பியால் குத்திக் காட்டினார்; தண்ணீர் கசிந்து வந்தது. மழைத்தண்ணீர் முழுக்கச் சுவர் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. கூரை ஷீட்டில் ஆணி அடித்த ஓட்டைகள் வேறு. எல்லாவற்றையும் எழுதி, கூட நின்ற ஃபீல்டு ஆபீசரிடமும் கையெழுத்து வாங்கினார்.

வேலை நடந்தது ஜனவரி வெயிலில். மண்ணை வெட்டி ஓடையைத் திறந்தார்கள், ஷீட் மாற்றினார்கள், பூச்சைக் கல் தெரியும்வரை கொத்தினார்கள். நன்றாகக் காயும்வரை சுண்ணாம்பு வேண்டாம் என்று நான்தான் நிறுத்திவைத்தேன். பீரோவைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து வெயிலில் வைத்தோம். பஞ்சு மெத்தையைத் தூக்கிப்போட வீட்டுக்காரருக்கு மனசே வரவில்லை. ஆனால் ஊறிப் பூத்த மெத்தையைச் சுத்தம் பண்ண முடியாது.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் போனில் இதைக் கேட்டுவிட்டு, அங்கே இதற்கென்றே சட்டம் இருப்பதாகச் சொன்னாள். ராச்டேலில் பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டில் இருந்த அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020இல் இறந்துபோனது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம். 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. உள்ளாட்சியும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் சமூக வாடகை வீடுகளுக்கு மட்டும்தான். அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் வந்து பார்த்து ஆபத்தை நீக்க வேண்டும். மற்ற கடுமையான ஓதம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாளில் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்த 5 வேலை நாளில் ஆபத்தை நீக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது அந்தக் கெடு தேதிகள் மேல்தான்.

இனி மனு எழுதுகிறவர்கள் பிரிவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது, 1951 சட்டம் அதற்குள் போய்விட்டது. எங்கள் பின்வரிசை லயத்திலும் இதே நிலைமைதான். அவர்கள் தனித்தனியாக எழுதாமல் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுகிறார்கள். முதல் பத்தி கூரையும் ஓடையும்.