மாஸ்டர் பெட்டி யார் கைக்குப் போகிறது?

ஸ்கேல் மாடல்களுக்கு (நிஜ வண்டிகளின் சிறு அளவு மாதிரிகளுக்கு) ரெசினில், அதாவது ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் திரவத்தில், இருக்கை, சக்கரம், எக்ஸாஸ்ட் குழாய், ஜன்னல் சட்டம் என்று துணைப் பாகங்கள் செய்கிறவர்களில் பலர் ஒற்றை ஆட்கள். மாஸ்டர் எனும் மூல வடிவத்தைச் செதுக்குவது, அதிலிருந்து அச்சு எடுப்பது, ரெசின் ஊற்றுவது, பாக்கெட் போடுவது எல்லாம் ஒரே ஜோடிக் கைகள். அப்படி ஒருவர் ஓய்வு பெறுகிறார், இன்னொருவர் எடுத்து நடத்தப்போகிறார் என்றால், பெயரும் இணையதளமும் ஒரே நாளில் கைமாறிவிடும். பொருள் அதே தரத்தில் தொடருமா என்பது, கைமாறும் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மாதிரி ரயில் பாகங்கள் செய்த அமெரிக்க நிறுவனமான கிராண்ட் லைன் போல பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷனில் செய்தவர்களுக்கு இது ஓரளவு சுலபம். அந்த நிறுவனத்தின் பாகங்கள் சான் ஹுவான் டீடெயில்ஸ் வசம் போய்த் தொடர்கின்றன. உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் உலோக அச்சு கெடாமல் இருந்தால் இன்னும் ஆயிரக்கணக்கில் அடிக்கும். ரெசின்காரரின் சிலிகான் அச்சு அப்படி இல்லை. 20 முதல் 50 வார்ப்பு வரை தாங்கும், அதன்பின் கிழியும். ரெசின் இறுகும்போது வரும் சூடும் அதன் வேதித் தாக்கமும் சிலிகானில் உள்ள எண்ணெயை இழுத்துவிடுகின்றன. உட்குழிவுகளில்தான் முதலில் பிய்யும். டின் (வெள்ளீய வினையூக்கியால் இறுகும்) வகை சிலிகான் அலமாரியில் சும்மா இருந்தாலே சில ஆண்டுகளில் காய்ந்து உடையும். ஆகவே "200 அச்சுகள் சேர்த்துத் தருகிறேன்" என்று ஒருவர் விலை சொன்னால், அந்த அச்சுகளுக்குத் தனிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டியது மாஸ்டர்களுக்கு.

ஒவ்வொரு மாஸ்டரையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அச்சிலிருந்து பிடுங்கும்போது மெல்லிய கைப்பிடிகள், போல்ட் தலைகள் உடைந்திருக்கும். பழையவர் ஒவ்வொரு முறையும் ஒட்டிச் சரிசெய்து ஓட்டியிருப்பார். சில மாஸ்டர்கள் இருக்கவே இருக்காது. அப்போது வார்ப்பையே மாஸ்டராக வைத்து அச்சு எடுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சுருக்கம் வந்து நிற்கும். சிலிகானும் ரெசினும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு அரை சதவீதம் சுருங்கினால், 100 மி.மீ. மாஸ்டரிலிருந்து வரும் வார்ப்பு 99.5, அந்த வார்ப்பிலிருந்து எடுத்தது 99. 1:35 டாங்கியின் என்ஜின் மேல்தட்டில் 1 மி.மீ. இடைவெளி கண்ணைக் குத்தும். 20 மி.மீ. இருக்கையில் அதே சுருக்கம் யாருக்கும் தெரியாது. எனவே தனியாக நிற்கும் சிறு பாகங்களை வார்ப்பிலிருந்து மறுபடி எடுப்பது பரவாயில்லை. கிட்டின் (கடையில் வாங்கும் மாடல் தொகுப்பின்) உடலோடு பொருந்த வேண்டியவற்றுக்குப் புது மாஸ்டர் செய்வதுதான் நேர்மை.

புதியவர் செய்யும் முதல் மாற்றம் பெரும்பாலும் டின் சிலிகானிலிருந்து பிளாட்டினம் சிலிகானுக்குப் போவது. சுருக்கம் குறைவு, ஆயுள் அதிகம், நல்ல முடிவுதான். ஆனால் பிளாட்டினம் வகை மிகவும் தொட்டாற்சிணுங்கி. கந்தகம் கலந்த களிமண், மாஸ்டரில் ஒட்டியிருக்கும் பழைய டின் சிலிகானின் மிச்சம், சரியாக இறுகாத 3டி பிரிண்ட் ரெசின் எது பட்டாலும் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். மாஸ்டரின் நுண்ணிய கோடுகளிலிருந்து அந்தப் பிசினைச் சுரண்டி எடுப்பது கொடுமை. கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு துளி தடவி, அது இறுகுகிறதா என்று பார்த்த பிறகு முழுதாக ஊற்றுங்கள். சந்தேகம் இருந்தால் மெல்லிய அக்ரிலிக் கிளியர் பூச்சு கொடுத்து, மறுபடி சோதியுங்கள்.

இன்னொரு தவறு, குமிழிகளை நசுக்கப் பயன்படும் அழுத்தக் கலத்தில் (பிரஷர் பாட்) நடக்கும். அச்சைச் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இறுகவிட்டு, பிறகு அதே அச்சில் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ரெசின் வார்த்தால், சிலிகானுக்குள் மாட்டியிருந்த குமிழிகள் நசுங்கி அந்த இடத்தில் அச்சின் முகம் உள்வாங்கும். வார்ப்பில் சிறு பருக்கள் தோன்றும். மாஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அச்சையும் அதே அழுத்தத்தில் இறுகவிட வேண்டும். ரெசினில் கலக்கும் இரண்டு திரவங்களில் ஐசோசயனேட் உள்ள பகுதி காற்றின் ஈரத்தை உறிஞ்சி நுரைக்கும் என்பதால், திறந்த டப்பாவைச் சீக்கிரம் தீர்க்கும் அளவுக்கே வாங்குங்கள். அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. காற்றோட்டமும் சரியான சுவாசக் கவசமும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். 100 × 60 × 25 மி.மீ. அச்சுப் பெட்டி 150 மி.லி. கொள்ளும், சிலிகான் சுமார் 170 கிராம். 200 பொருளுக்கு இரண்டு அச்சு வீதம் 68 கிலோ. இது முதல் சுற்றுக்கு மட்டும். அவ்வளவையும் ஒரேயடியாக வாங்கி வைத்தால் பாதி கெட்டுப்போகும். ஆகவே நன்றாக விற்கும் பத்துப் பொருட்களோடு தொடங்குவதே சரி. முதல் சில மாதங்கள் பட்டியலில் பெரும்பகுதி "இருப்பில் இல்லை" என்று காட்டுவதைப் பார்த்து வாடிக்கையாளர் பதற வேண்டாம். விலை ஏறுவதிலும் நியாயம் உண்டு. பழையவர்களில் பலர் தங்கள் நேரத்துக்குக் கூலியே சேர்க்காமல் விற்றவர்கள்.

போட்டோ எட்ச் (அமிலத்தால் அரித்தெடுக்கும் மெல்லிய உலோகத் தகட்டு) பாகங்களில் கோப்பு மட்டும் போதாது, தகட்டின் தடிமனும் எழுத்தில் வேண்டும். 0.2 மி.மீ. தகட்டுக்கு வரைந்த துளையில் 0.25 மி.மீ. தகட்டின் நாக்கு நுழையாது. எட்ச் செய்யும் பட்டறை மாறினால், அமிலம் பக்கவாட்டில் தின்னும் அளவுக்கு விட்ட ஈடும் மாறும். முழுத் தொகுதிக்கு முன் ஒரு சோதனைத் தகடு எடுக்காமல் ஆர்டர் போடாதீர்கள். டீகால் (மாடலில் ஒட்டும் அச்சுப் படம்) என்றால் வெள்ளை மை அச்சிடும் வழியைக் கேளுங்கள். பழையவர் ஆல்ப்ஸ் பிரிண்டரை நம்பியிருந்தால், அதன் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மை ரிப்பன் கையிருப்பு தீர்ந்தால் அதோடு சரி. 3டி வடிவங்களுக்கு எஸ்.டி.எல். (பிரிண்டருக்குக் கொடுக்கும் வடிவக்) கோப்போடு, திருத்தக்கூடிய கேட் (CAD, கணினி வரைவு) மூலக்கோப்பையும் வாங்குங்கள். எஸ்.டி.எல்.லில் ஒரு துளையைப் பெரிதாக்குவதே பெரும்பாடு.

உரிமை விஷயத்தைப் பலரும் மறக்கிறார்கள். சில மாஸ்டர்களை வேறு கலைஞர் செய்து கொடுத்திருப்பார். அவரோடு இருந்த ஒப்பந்தம் தானாகப் புதியவருக்கு வராது. நிறுவனச் சின்னங்களை அச்சிடப் பெற்ற அனுமதியும் அப்படித்தான்.

எல்லாவற்றையும்விட எளிதில் தொலைவது பழையவர் மனதில் இருக்கும் குறிப்புகள்: எந்த மாஸ்டரை எந்தப் பக்கம் சாய்த்து வைத்தால் காற்று மாட்டாது, எந்த மூலையில் ஊற்றுவதற்கு முன் டால்கம் பவுடர் தூவ வேண்டும், எந்தப் பாகத்தைச் சூடு ஆறும்முன் பிடுங்கினால் வளையும். இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்து, வீடியோ எடுத்து, பொருள் எண் வாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். புது அச்சில் ரெசின் ஊற்றும் கட்டை (பாகத்தோடு ஒட்டி வரும், அறுத்து எடுக்க வேண்டிய துண்டு) வேறு இடத்துக்கு மாறியிருந்தால், "இந்தக் கோட்டில் அறுக்கவும்" என்ற பழைய செய்முறைத் தாள் பாகத்தையே அறுக்க வைத்துவிடும். தாளைத் திருத்துங்கள், பாக்கெட்டின் பொருள் எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்தைச் சேர்த்து, எது பழைய அச்சு, எது புதியது என்று வாங்குபவருக்குத் தெரியும்படி செய்யுங்கள்.