வாளி இருந்தது, கயிறு இல்லை

கனடாவில இருக்கிற மச்சான் போன கிழமை வாட்ஸ்அப்பில கேட்டான், அவன்ர வேலையிடத்தில ஆக்கள் சேர்ந்து சிரியாவுக்குத் திரும்பிப் போற குடும்பங்களுக்கு சாமான் சேர்க்கினமாம், "நீங்கள் மெனிக் பாம் முகாமால திரும்பி வரேக்க என்ன தேவைப்பட்டது, ஒரு லிஸ்ட் போட்டு அனுப்படா" எண்டு. எழுதத் தொடங்கி மூண்டாவது வரியில நிப்பாட்டிட்டன். ஒண்டு இல்லாட்டி மற்றது கையில இருந்தும் பிரயோசனமில்லை, அதை எப்பிடி லிஸ்ட்டில போடுறது? அதான் இங்க வந்து புலம்புறன்.

எங்கட ஊர் கிளிநொச்சி 2009 தை 2ஆம் திகதி ஆமியிட்டப் போனது. நாங்கள் அதுக்கு முதலே எழும்பி தருமபுரம், விசுவமடு எண்டு கிழக்கால ஓடி, மிச்சம் உங்களுக்குத் தெரியும். வைகாசியில சண்டை முடியேக்க வவுனியாப் பக்கத்து முகாம்களில மூண்டு லட்சத்துக்குக் கிட்ட சனம். எங்களைத் திரும்ப விட்டது 2010 மாசியில. தறப்பாள், கொஞ்சத் தகரம், மண்வெட்டி, கத்தி, சட்டி பானை, ஆறு மாச நிவாரணம் எண்டு அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். குறை சொல்லேல்லை, அது இல்லாட்டி செத்திருப்பம்.

வளவுக்க போனா ஆளுயரத்துக்குப் பத்தை. வீட்டில கூரை இல்லை, கதவு இல்லை, ஜன்னல் நிலையைக் கூடக் கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள், சுவருக்குள்ள கிடந்த கரண்ட் வயரையும் உருவியிருந்தாங்கள். அம்மா அதையெல்லாம் பாக்கவேயில்லை, நேர கிணத்தடிக்குப் போய் எட்டிப் பாத்தா. உள்ளுக்க ஒரு சைக்கிள் பிரேம், ஓட்டுத் துண்டுகள், தென்னங்குத்தி ஒண்டு, மணம் எண்டா சொல்லேலாது. முகாமில தந்த பிளாஸ்ரிக் வாளி இருந்தது, கயிறு இல்லை, கப்பியும் இல்லை. பழைய சீலையைக் கிழிச்சு முறுக்கித்தான் முதல் வாளித் தண்ணி அள்ளினவ, அள்ளி மணந்து பாத்திட்டு அப்பிடியே ஊத்திட்டா.

கிணறு இறைக்கிறதெண்டா மிசின் வேணும், ஊருக்கே ஒரு மிசின் தான் வந்தது, அதுக்கு மண்ணெண்ணெய் நாங்கள் வாங்கோணும். சரி, இறைச்சாலும் சேறு அள்ள ஆர் உள்ள இறங்கிறது? வளவை மிதிவெடி பாத்துக் கிளியர் பண்ணித்தான் விட்டவை, ஆனா கிணத்துக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும். பக்கத்து வளவுக் கிணத்தில வெடிக்காத செல் ஒண்டு கிடந்தது எண்டு கேள்விப்பட்ட பிறகு அப்பா எங்களைக் கிணத்துக் கட்டில குந்தவும் விடேல்லை. ரெண்டு கிழமைக்குப் பிறகு தான் ஆக்கள் வந்து பாத்து ஓமெண்டு சொன்னவை, பிறகு மூண்டு தரம் இறைச்சு, குளோரின் போட்டு, அதுக்குப் பிறகும் அம்மா கொதிக்க வைச்சுத்தான் தந்தவ.

அதுவரைக்கும் பவுசர் தண்ணி, லொறியில தாங்கி வைச்சுக் கொண்டு வாறது. பவுசர் சந்தியில தான் நிக்கும், தண்ணிக் கானைக் காவிக்கொண்டு வர சைக்கிள் வேணும், எங்கட சைக்கிள் முள்ளிவாய்க்காலோட போச்சு. சைக்கிள் வாங்கக் காசு? ஐநா அகதிகள் அமைப்பு யூஎன்எச்சிஆர் ஒரு குடும்பத்துக்கு 25,000 ரூபா தந்தது, கையில 5,000, மிச்சம் 20,000 பாங்கில. பாங்கில எக்கவுண்ட் திறக்க அடையாள அட்டை கேப்பினம், அப்பான்ர அட்டை எங்கயோ பங்கருக்க போச்சு, புது அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேணும், அதுவும் அதே பையில தான் கிடந்தது. நடமாடும் சேவை எண்டு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில வைச்சு எல்லாம் பதிஞ்சு தந்தவை, அண்டைக்கு வெயிலுக்க அஞ்சு மணித்தியாலம் வரிசை. கிணத்தில தொடங்கின கதை பிறப்புச் சான்றிதழில வந்து நிக்குது பாருங்கோ.

கிளிநொச்சி ஏ9 வீதியில பெரிய தண்ணித் தாங்கி சண்டையில சரிஞ்சு கிடந்ததே, தெற்கில இருந்து பஸ் பஸ்ஸா சனம் வந்து அதுக்கு முன்னால நிண்டு போட்டோ எடுக்கும், பிறகு அதில நினைவுப் பொருள் விக்கிற கடையும் போட்டவை. நாங்கள் இஞ்சால கானோட பவுசருக்கு நிப்பம்.

தறப்பாளைப் பற்றியும் சொல்லோணும். அம்மா அதில பாதியை வெட்டி நாலு தடி நட்டு கக்கூசுக்கு மறைப்புக் கட்டினவ. பாக்க வந்த ஒருத்தர் கூரைக்குத் தந்ததை வீணாக்கிப் போட்டீங்கள் எண்டு பேசினார். கரண்ட் இல்லை, சுத்திவர ஆமிக் காம்ப், வீட்டில ரெண்டு குமர்ப்பிள்ளையள், பொழுதுபட்டா ஒருத்தரும் வெளிய இறங்கிறதில்லை, அதுக்காகவே அக்கா பின்னேரத்துக்குப் பிறகு தண்ணி குடிக்க மாட்டா. மழை நனைச்சா காயலாம் எண்டு அம்மா சொன்னதுக்கு அவர் ஒண்டும் கதைக்கேல்லை.

வீடு பிறகு வந்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில அஞ்சரை லட்சம், கட்டம் கட்டமாத் தருவினம், சீமெந்து விலை ஏற ஏற நிறையப் பேர் கடன்பட்டுத்தான் முடிச்சவை. அது தனிக்கதை, இன்னொரு நாளைக்கு.

இன்னொண்டு. முன்வீட்டு மாமி. எந்தப் பதிவுக்குப் போனாலும் பேப்பரில முதல் கேள்வி குடும்பத் தலைவர் ஆர் எண்டது தான். சண்டை முடியேக்க வட்டுவாகல் பாலம் தாண்டி ஆமிப் பக்கம் வந்தாப் பிறகு மாமாவை பஸ்ஸில ஏத்தினதை மாமி தன்ர கண்ணால பாத்தவ, அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தன்ர பேரை எழுதினா அவர் செத்திட்டார் எண்டு தானே அர்த்தம் எண்டு கேட்டுப்போட்டு அந்த இடத்தை வெறுமையா விட்டிடுவா, பேப்பர் திரும்பி வரும். 2010 கடைசியில காணாமப் போனவைக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் எண்டு சட்டம் வந்தது, எடுத்தா உதவி கிடைக்கும் எண்டு எத்தனையோ பேர் சொல்லியும் மாமி எடுக்கேல்லை. காணேல்லை எண்டு மட்டும் சொல்லுற சான்றிதழுக்கு 2016 வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது, 2017 மாசியில கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமப் போனவையின்ர சொந்தக்காரர் போராட்டம் தொடங்கேக்க மாமியும் போய் இருந்தவ. போன மாசம் மாமியை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனனான், மாமான்ர போட்டோவைத் திரும்ப லமினேற் பண்ண. பழையது மழையில நனைஞ்சு முகம் அழிஞ்சு போச்சாம்.