தால் சாப்பர் போனா சாண்டாவையும் பாத்துட்டு வாங்க

ராஜஸ்தான் சூரு மாவட்டத்துல இருக்குற தால் சாப்பர் சரணாலயம் மொத்தமே 7 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், வர்றவங்க எல்லாரும் வெளிமானை போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுறாங்க. நான் போனதே சாண்டாவுக்காக. அதான் முள்வால் பல்லி, நம்மூர் ஓணான் குடும்பம்தான் ஆனா வாலைப் பாத்தா முதலைக்குச் சொந்தம்னு சொல்லுவீங்க, வரிசை வரிசையா முள்ளு.

வெயில் ஏறுற வரைக்கும் ஒண்ணும் வெளிய வரல. ராத்திரி பொந்து வாசலை மண்ணால அடைச்சுட்டு தூங்குற ஜீவன் அது. அப்புறம் ஜீப் பக்கத்துலயே ஒரு பொந்துல தலை மட்டும் தெரிஞ்சுது, ரொம்ப நேரம் அப்படியே இருந்து மெதுவா முழுசா வந்து உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குக் காட்டிட்டுப் படுத்துச்சு. வரும்போது நல்ல கருப்பு, சூடு ஏற ஏற மண்ணு கலருக்கு வெளுத்துடுச்சு, தொடையோட முன்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் பளிச்னு. அப்புறம் போய் புல்லைக் கடிச்சு மெல்லுது! குட்டியில பூச்சி நிறைய தின்னும், வளந்துட்டா பெரும்பாலும் சைவம்தான். மேல ஒரு கழுகு நிழல் போச்சு, அவ்ளோதான், சட்டுனு உள்ள. வால் மட்டும் கொஞ்சம் வெளிய தெரிஞ்சுது, அந்த முள்ளுதான் அதுக்குக் கதவு.

முன்னாடி இதை அரபு நாட்டு 'தப்' பல்லி இருக்குற யூரோமாஸ்டிக்ஸ் பேரினத்துலயே வச்சிருந்தாங்க, 2009ல சாரான்னு தனியா பிரிச்சாங்க. அதுல மூணே இனம், நம்ம நாட்டுல இது ஒண்ணுதான், மத்த ரெண்டும் ஈரான் பக்கத்து ஆளுங்க.

எரிச்சல் என்னன்னா சாண்டா எண்ணெய். வால்ல இருக்குற கொழுப்பை உருக்கி மூட்டு வலிக்கு, ஆம்பளைங்க 'பலத்துக்கு'ன்னு விக்கிறானுங்க. பிடிச்சதும் ஓடாம இருக்க முதுகெலும்பை ஒடிச்சு உயிரோட வச்சிருப்பானுங்களாம், வாங்குறவன் முன்னாடியே உருக்கிக் காட்ட. சட்டப்படி குத்தம், இருந்தாலும் நடக்குது. யாராவது வாங்கிட்டு வரச் சொன்னா நல்லா திட்டிட்டு போனை வைங்க.

குளிர்காலத்துல போனா வேஸ்ட், பொந்துக்குள்ள தூங்கிட்டு இருக்கும். மார்ச்சுக்கு அப்புறம் போங்க, இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு வண்டிக்குள்ளயே உக்காருங்க, தண்ணி நிறைய எடுத்துக்கோங்க.