பொலன்னறுவைக்கு என்ன லென்ஸ்?

ஜூலை 7, 2024, ஞாயிறு. திருவையாறு

விமானச் சீட்டு எடுத்தாயிற்று. ஆகஸ்ட் 15 விடுமுறையோடு வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் ஞாயிறு வரை நான்கு நாள் கிடைக்கும். எனக்கு இலங்கையின் பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈஸ்வரம் என்ற சோழர் காலச் சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும். தம்பிக்குப் பக்கத்திலுள்ள மின்னேரியா ஏரியின் யானைகள். ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த ஏரியில் தண்ணீர் இறங்க இறங்கப் புல் முளைக்கும். சுற்றுக்காட்டு யானைகள் அந்தப் புல்லுக்கு வந்து கூடும். பொலன்னறுவையிலிருந்து ஜீப்பில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

இருவருக்கும் கேமரா ஒன்றுதான். நிக்கான் டி7500, கூடவே வந்த 18-55 லென்ஸ் (எண் மில்லிமீட்டரில் குவியத்தூரம்; அது கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகும், குறையக் குறைய அகலமான காட்சி அடங்கும்). என்ன வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்று இன்று காலை ஆரம்பித்த பேச்சு சாப்பாட்டு நேரத்திலும் முடியவில்லை. "யானைக்கு 600 வேணும்க்கா, இல்லாட்டிப் புள்ளி மாதிரிதான் தெரியும்" என்கிறான். கோயிலுக்கு வைடு லென்ஸ் வேண்டும் என்பது என் கட்சி.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று இரவு ரயிலில் தம்பி சென்னையிலிருந்து சிக்மா 150-600 லென்ஸை வாடகைக்கு எடுத்து வந்தான். தனியாக 1,930 கிராம். கையில் வாங்கியதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

காலையில் கொள்ளிடக் கரைக்குப் போனோம். மணல்திட்டில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. கரையிலிருந்து ஐம்பது மீட்டர் இருக்கும். 600-இல் வைத்துப் பார்த்தால் எருமையின் முன்பாதி மட்டும் சட்டத்துக்குள் வந்தது. 300-க்குக் குறைத்ததும் முழு எருமையும், கூடவே கொக்கும் வந்தன.

வீட்டுக்கு வந்து தாளில் கணக்குப் போட்டேன். இந்தக் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மில்லிமீட்டர். அதைத் தூரத்தால் பெருக்கி லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால், படத்தில் எவ்வளவு அகலம் அடங்கும் என்று வந்துவிடும். ஐம்பது மீட்டரில் 300 லென்ஸுக்கு 3.9 மீட்டர். 600-க்கு 1.96 மீட்டர். துதிக்கை முதல் வால் வரை ஒரு பெரிய யானை நான்கு மீட்டருக்கு மேலேயே வரும். ஆக 300-இலேயே ஐம்பது மீட்டர் யானை வழிந்துவிடுகிறது.

தம்பி தாளை வாங்கி இரண்டு தடவை சரிபார்த்தான். "அப்ப பறவைக்கு?" என்றான். பறவைக்கு 300 போதாதுதான். வில்பத்துக் காட்டில் சிறுத்தை தேடிப் போகிறவர்களுக்கும் போதாது. அவர்கள் 600-ஐச் சுமக்கட்டும், அதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் போவது கூட்டமாக நிற்கும், உருவத்தில் பெரிய ஒரு விலங்கைப் பார்க்க. எந்த லென்ஸ் சிறந்தது என்று ஒரு வாரமாகப் பேசியதில், அங்கே எவ்வளவு தூரத்தில் நிற்போம் என்பதை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 21, ஞாயிறு. தஞ்சாவூர்

இன்று பெரிய கோயிலில் ஒத்திகை. கோயிலின் அடித்தளமான அதிட்டானம் முழுக்க எழுத்து. ஈழத்து ஊர்கள் சிலவற்றை இந்தக் கோயிலுக்கு விட்ட செய்திகூட இங்கே பொறித்திருக்கிறது. நடுப்பகலில் நேரே வெளிச்சம் விழும் சுவரை எடுத்தால் எந்த லென்ஸ் போட்டாலும் எழுத்து தட்டையாகிவிடுகிறது. கோயிலில் படங்கள் சப்பென்று வருவதற்கு இத்தனை வருடமாக லென்ஸையே குறை சொல்லியிருக்கிறேன்.

கல்வெட்டுக்கு வேண்டியது பக்க வெளிச்சம். சுவரோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன டார்ச்சைப் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பக்கம் நிழலும் ஒரு பக்கம் ஒளியும் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். பகலில் டார்ச் எடுபடாதே? அதற்கு ஒருவர் துண்டை விரித்து வெயிலை மறைக்க வேண்டும். தம்பி துண்டைப் பிடித்தான், நான் டார்ச்சை வலப்பக்கமாகக் கொண்டுபோனேன். "ஸ்ரீ ராஜராஜ" என்று பளிச்சென்று வந்தது. ஒரு தாத்தா நின்று பார்த்துவிட்டு, "மாவைத் தடவினா இன்னும் நல்லாத் தெரியுமேம்மா" என்றார். தடவக் கூடாது தாத்தா, மாவும் சுண்ணாம்பும் கல்லுக்குக் கெடுதல் என்று சொல்லிப் புரியவைத்தேன். இதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். தயவுசெய்து யாரும் தடவாதீர்கள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முடிவு செய்துவிட்டோம். 70-300 லென்ஸ் பழையது ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது, வாங்கியாயிற்று. 10-20 வைடு லென்ஸை மட்டும் வாடகைக்குச் சொல்லியிருக்கிறோம். எடையைக் கூட்டினேன்: கேமரா 720, 18-55 லென்ஸ் 205, 70-300 லென்ஸ் 415, 10-20 லென்ஸ் 230. எல்லாம் சேர்ந்து 1,570 கிராம். அந்த ஒற்றை சிக்மாவைவிடக் குறைவு. கைப்பைக்கு ஏழு கிலோதான் அனுமதி என்பதால் இந்தக் கணக்கு நிம்மதி தருகிறது. உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

முக்காலி வேண்டாம். ஜீப்பில் விரிக்க இடம் இருக்காது, தொல்லியல் இடங்களில் கேள்வி கேட்பார்கள். பதிலாக, பழைய ஜீன்ஸ் துணியில் அம்மா ஒரு பை தைத்துத் தந்திருக்கிறாள். காலியாக மடித்துக் கொண்டுபோய் அங்கே அரிசி வாங்கி நிரப்பி, ஜீப் கம்பியில் போட்டு அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டோம்: ஏரிக்கரைத் தூசியில் லென்ஸ் மாற்றுவதில்லை. காட்டுக்கு 70-300 மட்டும். மாற்றுவதெல்லாம் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு.

ஆகஸ்ட் 15, வியாழன். பொலன்னறுவை

சென்னை விமான நிலையத்தில் சுங்க மேசையில் கேமரா, லென்ஸ் எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டோம். திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி வராது. கால் மணி நேரம் ஆனது.

மாலை கதுருவெலைக் கடையில் ஒன்றரைக் கிலோ அரிசி. எதற்கு என்று கடைக்காரர் கேட்டார், சொன்னேன். பையை அவரே இறுக்கிக் கட்டித் தந்தார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி. மின்னேரியா

ஜீப் ஓட்டுநர் இவ்வூர் முஸ்லிம், தமிழ் பேசுகிறவர். நான் "அண்ணே" என்றேன். இங்கே எல்லாரும் அவரை "நானா" என்கிறார்கள், பிறகு நாங்களும் அப்படியே.

மூன்று மணிக்கு ஏரிப்படுகையில் இறங்கினோம். மகாசேனன் 3-ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி என்று சொன்னால் நம்ப முடியாத பரப்பு. தூரத்தில் முதல் கூட்டம். 300-இல் எடுத்துப் பார்த்தேன்: கானலில் யானைகளின் கால்கள் நெளிந்தன. தம்பியிடம் திரையைக் காட்டினேன். 600 இருந்திருந்தால் நெளிவும் இரண்டு மடங்காகத்தான் தெரிந்திருக்கும்.

நாலரைக்கு மேல் நிலம் ஆறியது. யானைகள் தாமாகவே எங்கள் பக்கம் மேய்ந்துகொண்டு வந்தன. நானா என்ஜினை அணைத்தார். அணைத்தால்தான் நடுக்கம் நிற்கும், அரிசிப் பை அப்போதுதான் பயன்படும். ஐம்பத்தெட்டு வரை எண்ணினேன், பிறகு குட்டிகள் கலந்துவிட்டன.

எங்களுக்கு இடப்பக்கம் இரண்டு ஜீப்புகள் ஒரு தாயையும் குட்டியையும் நெருக்கிக்கொண்டு போயின. தாய் காதை விரித்துத் திரும்பியது. மனது கொதித்தது. நாங்கள் கேட்காமலேயே நானா சொன்னார்: "இதுக்கு மேல கிட்டப் போக ஏலாது தங்கச்சி. அதுகள் தண்ணி குடிக்க வந்ததுகள்." அவர் நிறுத்திய இடத்தில்தான் கடைசிவரை இருந்தோம்.

ஐந்தரைக்குச் சூரியன் யானைகளுக்குப் பின்னால் போனது. அவை மண்ணை வாரி முதுகில் போட, தூசி பொன்னாக எழுந்தது. கேமரா அந்தக் கரிய உடம்புகளைப் பார்த்துப் படத்தை வெளிறடிக்கப் பார்த்தது. ஒளியளவை ஒரு படி குறைத்ததும் யானை யானையாக வந்தது. ஷட்டர் வேகத்தை நொடியில் 500-இல் ஒரு பங்குக்குக் கீழே இறக்கவில்லை. அறைக்கு வந்து பார்த்தால், நல்ல படங்களில் பாதிக்கு மேல் 70-க்கும் 120-க்கும் இடையில் எடுத்தவை. தம்பி அதைக் கண்டுபிடித்துத் தானே சொன்னான்.

ஆகஸ்ட் 17, சனி

கல்விகாரையில் காலை. பராக்கிரமபாகு காலத்தில் ஒரே பாறையில் செதுக்கியது. கிடக்கும் புத்தர் 14 மீட்டர். 10-20 லென்ஸால் அருகே நின்று எடுத்தேன்: பாதம் பெருத்து, முகம் சிறுத்துவிட்டது. அந்த முகத்தின் அமைதிதான் சிலையே, அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. என் கணக்குப்படி 18 மில்லிமீட்டருக்குப் பதினோரு மீட்டர் பின்னால் போனால் போதும். எதிர்ப்பாறையில் ஏறினோம். 18-55 போதுமானதாக இருந்தது. (சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது, ஒரு பையன் அப்படி நின்றதும் காவலர் வந்து மெல்லச் சொன்னார்.)

வட்டதாகே என்ற வட்டமான புத்தர் கோயிலில் செங்குரங்குகள். இலங்கையில் மட்டுமே உள்ள இனம், இந்த இடிபாடுகளில் இவற்றை 1968 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். படியில் குட்டியோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கும் அதே 18-55.

தலதா மலுவ என்ற கோயில் வளாகத்தில், அட்டதாகே என்ற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் வேளைக்காரர் கல்வெட்டு நிற்கிறது. புத்தரின் பல் இருந்த கோயிலைத் தாங்கள் காப்பதாகத் தமிழ்ப் படைவீரர்கள் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த கல். துண்டு, டார்ச். "வேளைக்" வரை வாசித்தேன், கண் கலங்கிவிட்டது.

வானவன் மாதேவி ஈஸ்வரத்துக்கு மாலை நாலரைக்கு வந்து சேர்ந்தோம். முழுக்க முழுக்கக் கல். ராஜேந்திரனின் தாய் பெயரில் எழுந்த கோயில் காவிரியைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, மாறாமல் அதே சோழ முகத்தோடு நிற்கிறது. உள்ளே யாரோ விளக்கேற்றியிருந்தார்கள். வைடு லென்ஸ் இங்கேதான் தன் வாடகையை ஈடுகட்டியது: மரங்களுக்கு நடுவே பின்னால் போக இடமில்லை.

பிறகு கேமராவைத் தம்பியிடம் கொடுக்காமல் கழுத்திலேயே போட்டுக்கொண்டு அடிச்சுவரோரம் உட்கார்ந்தேன். எழுத்துகள் தேய்ந்திருந்தன. அவன் துண்டைப் பிடித்தான்.

"இன்னும் கொஞ்சம் இறக்குடா."

"இப்பவாக்கா?"

டார்ச்சைச் சுவரோடு சாய்த்தேன். முதலில் ஒரு கொம்பு, பிறகு ஒரு கால், பிறகு "தேவி".