கம: ஐம்பத்தொன்றா, ஐம்பத்துமூன்றா

மார்ச் 3
இந்த வாரக் குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்பு, விடை ஆறெழுத்து ராகப் பெயர்: "காமவர்த்தனியின் தைவதத்தை உயர்த்தப் போன இடம் முனிவர் குடில் (6)." காமவர்த்தனி ஒரு ராகம், தைவதம் அதன் 'த' ஸ்வரம். குழுவில் யாருக்கும் பிடிபடவில்லை. ஞாயிறு இரவு ஒன்பதுக்குள் விடை போக வேண்டும்.

மார்ச் 4
கடபயாதி அட்டவணை (எழுத்துக்கு எண் தரும் பழைய முறை) எல்லோர் கையிலும் இருக்கட்டும். க வரிசையில் தொடங்கி 1 முதல் 9, ஞ வந்தால் 0. ட வரிசையிலும் அப்படியே, ந-வுக்கு 0. ப முதல் ம வரை 1–5. ய முதல் ஹ வரை 1–8. மேளகர்த்தா (72 தாய் ராகங்களில் ஒன்று) பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு எண் போட்டுத் திருப்பினால் அதன் வரிசை எண் வரும். மாயாமாளவகௌளை: மா 5, யா 1, ஆக 15. கால், கொம்பு எதுவும் கணக்கில் வராது.

தமிழில் எழுதும்போதுதான் தொல்லை. வடமொழியின் நான்கு ககரங்களுக்கும் நமக்கு ஒரே க. கனகாங்கியின் க 1, கரகரப்ரியாவின் க 2, கவாம்போதியின் க 3. எழுத்தைப் பார்த்து எண் போடக் கூடாது, உச்சரித்துப் பார்த்துத்தான் போட வேண்டும்.

மார்ச் 5
மூன்றாம் கட்டத்தில் னா விழுந்தது. இன்னும் ஒன்றும் இல்லை.

மார்ச் 6
ஒலித்துணுக்குக் கேள்விகளில் தம்புராவை வெட்டி அனுப்புவது அநியாயம். ஆதார ஷட்ஜம் (அடிப்படை ஸ) தெரியாமல் ஐந்து ஸ்வரத்தை மட்டும் கேட்டால் மோகனம் என்று எப்படி அடித்துச் சொல்வது? அதே ஸ்வரங்களில் ரிஷபத்தை ஸ வைத்தால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. இன்று மூன்று பேர் மூன்று ராகம் சொன்னார்கள். யாருடைய காதும் பொய் சொல்லவில்லை. ஸ்ருதி இரண்டு வினாடியாவது தனியாகக் கேட்ட பிறகு பாட்டு தொடங்கினால் போதும். புதிர் கட்டுபவருக்கு எழுதியிருக்கிறோம்.

கம. கம. காலை நீக்கினால் காமவர்த்தனியின் தொடக்கம் இதுதான். அதன் எண்ணும் 51தான், கா 1, ம 5. பிறகு முனிவர் எதற்கு?

மார்ச் 7, காலை
கூட்டெழுத்தில் (க்ர, ர்ய போல இரண்டு மெய் சேரும் இடத்தில்) எதை எண்ணுவது என்று மதுரைக்காரர் கேட்டார். ஒரே விதி கிடையாது. சக்ரவாகத்தில் முதல் மெய்: ச 6, க 1, ஆக 16. சூர்யகாந்தத்தில் அடுத்தது: சூ 7, ய 1, ஆக 17. ர-வை எடுத்தால் 27, அது சரசாங்கி. இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து, ஸ்வரத்தோடு ஒத்துப்போவதை வைத்துக்கொள்வதே வழி.

மார்ச் 7, இரவு
கிடைத்துவிட்டது! க-வை 3 என்று எடுத்தால் கம 53. மேளங்களை ஆறு ஆறாகப் பிரித்த சக்கரங்களில் ஒன்பதாவதான பிரம்ம சக்கரத்தில் 51-ம் 53-ம் சேர்ந்தே இருக்கின்றன: சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், காகலி நிஷாதம் எல்லாம் ஒன்றே. தைவதம் மட்டும் சுத்தத்திலிருந்து சதுச்ருதிக்கு ஏறுகிறது. போன = கமன, குடில் = ஆச்ரம. கமனாச்ரம, 53-ஆவது மேளம். ஆசிரமம் என்று எழுதியதால்தான் ஏழு கட்டம் வந்து எல்லோரையும் தடுத்தது. 'இடம்' என்ற சொல் மட்டும் துறுத்திக்கொண்டு நிற்கிறது, ஆனாலும் என்ன அழகான குறிப்பு!

மார்ச் 8
அனுப்பியாயிற்று.

மார்ச் 9
புதிய கட்டம். இலக்கியப் பக்கம் முழுக்கத் தனிப்பாடல். பழைய எண் குறிகளை மனப்பாடம் செய்யாதவர்களுக்குக் கஷ்டம்: அ 8, எ 7, வ கால். கம்பரை ஔவை திட்டியதாகச் சொல்லும் பாட்டில் 'எட்டேகால் லட்சணமே' வருவது இந்தக் கணக்கில்தான்: அ + வ, அவலட்சணம். 'எமனேறும் பரி' எருமை. 'கூரையில்லா வீடு' குட்டிச்சுவர். இன்றைக்குப் புதிர் கட்டுபவர்கள் செய்வதெல்லாம் அந்த ஒரே பாட்டில் இருக்கிறது.

மார்ச் 10
காளமேகத்தின் 'முக்காலுக்கு ஏகாமுன்'. பழைய பின்னப் பெயர்கள் முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை என்று இறங்குகின்றன. கேள்வி: கடைசிக்கு முந்தைய இரண்டையும் கூட்டினால் எத்தனை காணி? மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80. ஐந்தும் நான்கும் ஒன்பது. ஆனால் கட்டம் ஏழு கேட்கிறது, 'ஒன்பது' நான்கு எழுத்துதானே.